எல்லைக்கோடு ஓடிய மேசை

என் ஆய்வேட்டில் தேசியவாதம் பற்றி உருப்படியாக ஓர் அத்தியாயம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்கு மூட்டை கட்டலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த ஐரோப்பிய மலைக்கிராமத்துக்குப் போனேன். அங்கே இரண்டு நாடுகளின் எல்லைக்கோடு, ஆன்டன் என்பவரின் சமையலறை மேசைமீது மஞ்சள் பெயின்டில் ஓடியது. 'உங்கள் தேசம் எது?' என்று நான் பெருமையாக அச்சடித்துக்கொண்டு போன படிவத்தை அவர் சிரத்தையாக நிரப்பினார். பிறகு ரொட்டி எடுக்க எதிர் நாற்காலிக்கு மாறியவர், எழுதியதை அடித்துவிட்டு மற்ற நாட்டை எழுதினார். உப்புக்காக மறுபடி இந்தப் பக்கம் வந்தார். புதுப் படிவம் கேட்டார். சாப்பாடு முடிவதற்குள் ஐந்து படிவங்கள் பாழ்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து அம்மா அழைத்தாள். "எந்த நாட்டுல இருக்க மக்ளே?"

"அதாம்மா தெரியல. இவரு நாற்காலி மாறுனா நாடு மாறுது."

"இதப் பாக்கவாலே பிளேன் ஏறிப் போன? நான் பொறந்தப்ப நம்ம வீடு திருவிதாங்கூர்ல இருந்துது. பொறவு ஒருநாள் மெட்ராஸுன்னாங்க. அடுப்பு இருந்த எடத்துலதான் இருந்துது. நீ எந்த ஊருக்காரின்னு எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஆன்டன் ஒரு ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டார். உட்கார்ந்து, மஞ்சள் கோட்டின் மேலேயே நோட்டை விரித்தேன்.

"இப்ப நான் கேக்கேன், சொல்லும்மா."