வளராத மஃப்ளர்

நூல் பின்னும் குரோஷா ஊசியை மனைவி தொட்டதிலிருந்து மாமனார், மைத்துனன், போஸ்ட்மேன் யாருடைய கழுத்தும் மஃப்ளருக்குத் தப்பவில்லை. வலைப் பின்னல், சிப்பிப் பின்னல் எல்லாம் முடிந்து, இப்போது கிளிப்பச்சையில் உருண்டை உருண்டையாகப் பாப்கார்ன் பின்னல். அடுத்த பலி தான்தான் என்று கணவருக்குப் புரிந்தது. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நூலை இழுத்து நாலு வரிசை பிரித்துவைத்தார்.

"ஒரு வாரமா பின்றேன், ஒரு சாண்கூட வளரலையேங்க!"

"கண்ணு பட்டிருக்கும்."

"விளையாடாதீங்க. நாளைக்கு உங்க மேனேஜருக்குப் பிறந்தநாள். அவர் சம்சாரம்தான் கேட்டாங்க. தினமும் கழுத்துல சுத்தி ஆபீஸுக்கு அனுப்பப் போறாங்களாம்."

எட்டு வருடமாகத் தன்னை வறுத்தெடுப்பவரின் கழுத்தைக் கணவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"நீ எழுந்திரிக்காதே, சமையலை நான் பாத்துக்கறேன். ரெண்டு முனையிலயும் பெருசா குஞ்சம் வெச்சுடு!"