வெள்ளிக்கிழமை இறுகும் வால்வு

"ஒரு பொத்தானை அமத்தத் தெரியாத ஆளுக்கு ஏன் சம்பளம் குடுக்கினம்?"

மேனுகாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு குளம். பொத்தானை அமத்தி அதன் துருசுக் கதவைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது யோகநாதனின் வேலை. ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் அவருடைய போன் மேனுகாவின் அப்பா ஏரம்பருக்குத்தான் வரும். வால்வு இறுகிவிட்டதாம், ஒருக்கா வரட்டாம்.

ஏரம்பர் அதே குளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. மனைவி போன பிறகு ஆறு மாதம் கதிரையை விட்டு எழும்பாத மனிதர், போன் வந்ததும் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார். நாலு கட்டை தூரம், கொதிக்கிற வெயில். போன கிழமை வழியில் தலைசுற்றி ஒரு மதகில் குந்திவிட்டார்.

அதோடு மேனுகாவுக்குப் பொறுமை போய்விட்டது. முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளி ஸ்கூட்டியில் அப்பாவுக்குப் பின்னாலேயே போனாள்.

குளக்கட்டில், கதவைத் தூக்கும் எண்ணெய்க் குழாயில் இரண்டு வால்வுகள் அருகருகே இருந்தன. ஏரம்பர் மரச் சுத்தியலால் அவற்றை மெல்லத் தட்டிக்கொண்டே பழங்கதை சொன்னார். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? இரும்புச் சில்லுத்தான். இரண்டு பேர் எதிரெதிராக நின்று நூற்றெண்பது சுற்றுச் சுற்ற வேண்டும். கதவு மேலே வருவதற்குள் ஊர்க்கதை முழுக்க முடிந்துவிடுமாம்.

குழாய்க்குப் பின்னால் நின்ற யோகநாதன் சிரித்தபடி எண்ணெயை அடைக்கிற இரண்டு கைத்திருகுகளைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டதை மேனுகா கண்டுவிட்டாள்.

"இப்ப அமத்து, யோகன்."

கதவு எழும்பியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்க்க ஏரம்பர் பெருமையோடு கீழே இறங்கினார்.

"திருகைப் பூட்டி வைச்சது நீங்கள்தானே மாமா?"

யோகநாதன் தலையைச் சொறிந்தார். பிறகு மறைக்கவில்லை. பொத்தானை அமத்தியதும் கரண்ட் பாய்ந்து வால்வுக்குள்ளே காந்தம் இழுக்கும், எண்ணெய்க்கு வழி திறக்கும், கதவு எழும்பும். ஒன்று இழுக்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பது வழிவிடும். வயல் காயக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

"ஆனால் ரெண்டாவதைச் சும்மா விட்டால் எண்ணெய் பிசினாகி அது இறுகிப்போகும் பிள்ளை. கிழமைக்கு ஒருக்காலாவது வேலை குடுக்கோணும். உம்மட அம்மா போன பிறகு கொப்பரும் அப்பிடித்தான் இறுகிப்போயிருந்தவர். அதுதான் கூப்பிட்டனான். அவருக்குச் சொல்லிப்போடாதையும்."

எவ்வளவு பெரிய மனசை எவ்வளவு சின்னதாக நினைத்துவிட்டோம் என்று மேனுகாவுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டாள்.

அடுத்த வெள்ளியும் போன் வந்தது.

"வெயிலுக்குள்ள சைக்கிள் வேண்டாமப்பா, நான் கொண்டுபோய் விடுறன்," என்றாள். ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டும் வைத்தாள்: "இண்டைக்கும் ரெண்டு வால்வும் இறுகிப்போச்சாமோ?"

"ஓம், ஓம். பார்சலை மட்டும் கொஞ்சம் பெரிசாக் கட்டு. யோகனுக்கும் சேர்த்து."

அவள் சோற்றை அள்ளிப் போட்டாள். ஏரம்பர் குசினி வாசலில் நின்று சேட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"ரெண்டு வால்வும் ஒரே நாளில இறுகாது பிள்ளை. அதுக்குத்தானே ரெண்டு வைச்சிருக்கு," என்றார். "பெண்சாதி பிள்ளையள் இல்லாமல் தனிய இருந்து சாப்பிடுறவன். வாங்கோ எண்டு கேக்க வெக்கப்பட்டு, பாவம், கிழமைக்கு ஒரு பொய் சொல்லுறான். நான் போகாமல் இருக்கேலுமே?"