முதல் போன்

“மூஞ்சிக்கு ஊசி போட்டு மினுக்கிக்கிறது நம்ம குடும்பத்துல வழக்கமில்ல” என்றார் மாமனார். சுருக்கம் போக்கும் ஊசியைப் போன மாதம் மருமகள் போட்டுக்கொண்டது இன்றுதான் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

மருமகள் பேசவில்லை. பேச வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான். கல்யாணமான மறுவருடமே அவள் குரல் விட்டுவிட்டு ஒலித்து, விசும்புகிறவள் குரல்போல் ஆகிவிட்டது. “போன்ல இப்படி அழுது வடிஞ்சா, நாங்க கொடுமைப்படுத்தறோம்னு சொந்தக்காரங்க நினைக்க மாட்டாங்களா? யார் வந்தாலும் நீ உள்ளேயே இரும்மா” என்றிருந்தார். அதிலிருந்து அவர் எதிரில் அவள் வாய் திறப்பதில்லை.

மகன்தான் குறுக்கிட்டான். “அப்பா, ஊசி போட்டது முகத்துல இல்ல, தொண்டையில. அவ ஒரு நாளும் அழலப்பா. குரல்வளைத் தசை தானா இறுகிக்கிற வியாதி. இப்பதான் டாக்டர் கண்டுபிடிச்சார். சுருக்கத்துக்குப் போடற அதே மருந்துதான் அதையும் தளர்த்துது.”

மாமனார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாதேம்மா” என்றார். “சரி, இனிமே எல்லார்கிட்டயும் நீயே பேசு. இன்னைக்கே போன் போடு. நம்ம வீட்டைப் பத்தி நாலு பேர் நல்லவிதமா நினைக்கட்டும்.”

“போட்டுட்டேன் மாமா. குரல் சரியானதும் முதல் போன், வாடகைக்கு வீடு கேட்டுத்தான். அடுத்த மாசம் நாங்க தனியாப் போறோம்.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் குரலில் கொஞ்சமாவது அழுகை இருக்கிறதா என்று மாமனார் கூர்ந்து கேட்டார். துளியும் இல்லை.