சுண்ணாம்புக் கோடு

எங்கள் தோப்பில் நின்றவை சின்ன இலை மகோகனிக்கும் பெரிய இலை மகோகனிக்கும் பிறந்த கலப்பின மரங்கள். நெருக்கம் குறைந்தால்தான் மற்றவை பருக்கும் என்று, வெட்ட வேண்டிய மரங்களில் என் மனைவி சம்பூரணம் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள். அவள் செய்த கடைசி வேலை அது.

மரம் வெட்ட வந்த இசக்கி சிரித்தான். “என்ன அண்ணாச்சி, மொத மரத்துல தோள் உசரம், போகப் போக கோடு கீழ எறங்குது? போட்டவுகளுக்கு அவ்ளோ சோம்பலா?”

“கடைசில அவளால நிக்க முடியல. ஸ்டூல்ல உக்காந்துதான் போட்டா.”

அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

“கோட்டுக்கு மேல வெட்டுப்பா.”

“அடிமரம்லா நல்ல மரம்? வீணாப் போயிருமே.”

“போகட்டும்.”

மாலையில் தோப்புக்குள் வெளிச்சம் விழுந்தது. தோளுயரத்தில் தொடங்கிய கட்டைகள் வரிசையாகத் தாழ்ந்துகொண்டே போயின. கடைசிக் கட்டையில் உட்கார்ந்தேன். கையைத் தொங்கவிட்டதும் கோடு விரலில் பட்டது.