கார் நிறுத்தப் போனவர்

அந்த நாய்க் காப்பகத்தில், தன்னை யாரும் கைவிடவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தது சீசர் ஒன்றுதான்.

"வாசல்ல என்னை இறக்கி விட்டுட்டு, எங்க ஐயா கார் நிறுத்த இடம் தேடிப் போயிருக்கார்" என்று பக்கத்துக் கூண்டுக் குட்டியிடம் சொல்லும்.

"எப்பண்ணே போனார்?"

"போன மழைக்கு முந்தின மழையில. இந்த ஊர்ல இடம் கிடைக்கிறது என்ன லேசா?"

தத்தெடுக்க ஆட்கள் வரும் ஞாயிறுகளில் மற்ற நாய்கள் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வாலாட்டும். சீசர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். வேறு யாராவது கூட்டிப் போய்விட்டால் ஐயா வந்து தேடி அலைவாரே!

ஒரு ஞாயிறு, அந்த வாசனை வந்தது. ஐயாவேதான். சீசர் தடுமாறி எழுந்து வாலை ஆட்டியது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரிசெல்லாம் வேணாங்க. குட்டியா ஒண்ணு குடுங்க, பசங்க ஆசைப்படுறாங்க."

பக்கத்துக் கூண்டு திறந்தது. அவர் கையில் ஏறிக்கொண்ட குட்டி, போகிற போக்கில் கேட்டது: "ஆள் எப்படிண்ணே?"

சீசரின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கமான மனுஷன். நீ மட்டும் பெரிசாயிடாதே."