யாரை எழுப்பணும்?

"ராத்திரி பாத்ரூம் வந்தா பிள்ளை யாரை எழுப்பணும் சார்?"

முகாம் மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியின் மடியில் ஒரு ரோஸ் கலர் தண்ணீர் பாட்டில் இருந்தது, மூடியில் முயல் ஸ்டிக்கர். வாசலில் வந்து நின்ற ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இன்னும் இறங்கக்கூட இல்லை. அதற்குள் இந்த அம்மா தண்ணீர் பிடிக்கிற சாக்கில் ஆபீசுக்குள் நுழைந்துவிட்டார்.

பிள்ளையை விட மனசில்லாமல் கூடவே தொற்றிக்கொண்டு வந்த கேஸ். வருஷத்துக்கு ஒன்று இப்படி வந்து வாய்க்கும் என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார்.

"வார்டன் இருக்காங்க மேடம்."

"எங்க படுப்பாங்க?"

"அவங்க... எதிர்க் கட்டடத்துல."

"நடுவுல?"

"மைதானம். சின்ன மைதானம்தான்."

மேனேஜர் வழவழப்பான விளம்பரத் தாளை மேஜையில் நகர்த்தினார். அதில் பிள்ளைகள் படகு விட்டார்கள், மரம் ஏறினார்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை.

அந்த அம்மா தாளைத் திருப்பித் தள்ளினார். அவருடைய வலது கை மட்டும் முழங்கைவரை வெயிலில் கறுத்திருந்ததை மேனேஜர் அப்போதுதான் பார்த்தார். இடது கை நல்ல நிறமாகவே இருந்தது. என்ன வேலை பார்க்கிறாரோ என்று நினைத்தவர், நமக்கென்ன என்று அத்தோடு விட்டுவிட்டார்.

"ஹாலுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"வெளியில பூட்டிடுவோம் மேடம். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

"வெளியில பூட்டிட்டா பிள்ளை பாத்ரூமுக்கு எப்படிப் போகும்?"

"படுக்கறதுக்கு முன்னாடியே எல்லாரையும் போயிட்டு வரச் சொல்லிடுவோம்."

"நெருப்புப் பிடிச்சா? அதையும் முன்னாடியே பிடிக்கச் சொல்லிடுவீங்களா?"

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. "மேடம், மத்த பேரண்ட்ஸ் யாரும் இப்படிக் குடையல. போட்டோ எப்ப அனுப்புவீங்க, அது ஒண்ணுதான் கேட்டாங்க!"

"அவங்க கேக்கலைன்னுதான் நான் கேக்கறேன். வீட்டுக்குப் பேசணும்னு அழுதா போன் குடுப்பீங்களா?"

"முதல் மூணு நாளைக்குக் கிடையாது. அழுதுட்டுத் தானாப் பழகிடும்."

"பழகாது சார். அழுறத நிறுத்திடும், அவ்வளவுதான்."

அந்த அம்மாவின் குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வர்ற வழியெல்லாம் பிள்ளை என்கிட்ட இதையே கேட்டுட்டு வந்துச்சு, யாரை எழுப்பணும்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ரொம்ப அவமானமா இருந்துச்சு. ஹாலுக்குள்ளயே ஒரு அம்மாவப் படுக்க வைங்க, கதவப் பூட்டாதீங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"ஒரு பிள்ளைக்காக ரூல்ஸ மாத்த முடியாது. பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான். நம்பிக்கை இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுங்க!"

"கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"தாராளமா! அதனால எங்களுக்கு ஒண்ணும் குடி முழுகிடாது."

அந்த அம்மா எழுந்தார். வராந்தாக் குழாயில் பாட்டிலை நிதானமாக நிரப்பிக்கொண்டே போனில் பேசினார். "ஆமா பெரிய டீச்சர், நீங்க சந்தேகப்பட்ட மாதிரியேதான். அவரே போகச் சொல்லிட்டாரு. சரி, கூட்டிட்டு வந்துடறேன்."

விட்டது சனியன் என்று மேனேஜர் பெருமூச்சு விட்டார். நாற்பத்திரண்டு பேர் கொண்ட பட்டியலை எடுத்துப் பேனாவைத் திறந்து, எந்தப் பெயரை அடிப்பது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

இரண்டாவது ஜன்னலிலிருந்து ஒரு இரட்டைச் சடைச் சிறுமி கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்த அம்மா அவளை இறக்கவில்லை. பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கறுத்த கையை வெயிலில் நீட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார்.

"செல்லங்களா, ஒருத்தரும் எறங்காதீங்க... வீட்டுக்குப் போறோம்!"