மணிக்கு அறுபத்தைந்து

மனேஜர் ஜெமீல் சேர் மஸ்கட் இனிப்புப் பெட்டியைத் திறந்து முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார்.

ஒரு வாரப் பெருநாள் லீவு முடிந்து கார்மென்ட் திறந்த முதல் நாள். மெஷின்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. நான் மேற்பார்க்கும் வரிசையில் உள்ள முப்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.

எங்கள் வரிசையால்தான் கல்முனைக்கே பெயர் வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்றார், முகமெல்லாம் பல்லாக.

பெட்டி கைமாறிப் போனது. பெருநாளுக்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பில் இருந்த சிலர் அதை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நான் என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் உள்ளங்கையில் இறங்கியது.

அவர் மேசையில் ஒரு தாளை விரித்தார்.

முன்பெல்லாம் எங்கள் வரிசை மணிக்கு அறுபது காற்சட்டை தைத்தது. நோன்பு மாதத்தில் அறுபத்தைந்து. அந்த இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

அந்த ஐந்தும் நான் தேடிக் கொடுத்த வினை.

நோன்பு தொடங்குவதற்கு முன் அவரிடம் போய்க் கேட்டவள் நான்தான். சாப்பாட்டு நேரம் வேண்டாம், தேநீர் நேரமும் வேண்டாம், ஒரு நாள் வேலையை மூன்றரைக்கே முடித்துத் தருகிறோம், ஐந்து மணி வரை வைத்திருக்காமல் எங்களை விடுங்கள் என்றேன். வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டும், பிள்ளைகளோடு இருந்து நோன்பு திறக்க வேண்டும். சரி என்றார். மாதம் முழுக்க இந்தப் பெண்கள் எனக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தண்ணீர் குடிக்காதவர்கள் அடிக்கடி எழுந்து போக மாட்டார்கள். அதையும் இந்த மனிதர் நேரம் பார்த்து அந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறார். யார் எத்தனை தரம் கழிப்பறைக்குப் போனாள், உள்ளே எத்தனை நிமிடம் இருந்தாள். தானும் நோன்பு வைத்துக்கொண்டு, தொழுகைக்கு முன்வரிசையில் போய் நின்றுகொண்டு, பெண்பிள்ளைகளின் மூத்திரத்தை எண்ணியிருக்கிறார்.

இன்றிலிருந்து மணிக்கு அறுபத்தைந்துதான் என்றார். வேலை பழையபடி ஐந்து மணி வரை. தேநீர் நேரம் கிடையாது. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம். மூலையில் இருக்கும் பெரிய தண்ணீர்ப் போத்தல் இன்று பகலுக்குள் வாசல் காவலாளியின் அறைக்குப் போய்விடும்.

முப்பது பேரும் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

அது நோன்பின் பறக்கத்தால், அல்லாஹ்வின் அருளால் நடந்தது, சும்மா நாளில் இந்தப் பிள்ளைகளால் ஏலாது என்று சொன்னேன். இதைச் சொல்வேன் என்று காத்திருந்தவர் போல அவர் சுஜித்தாவின் பக்கம் விரலை நீட்டினார்.

சுஜித்தா பாண்டிருப்பிலிருந்து வரும் இந்துப் பிள்ளை. காற்சட்டைக்குப் பொக்கற் தைப்பவள். எங்கள் வரிசையில் நோன்பு இல்லாத ஒரே ஆள்.

அவளுடைய மெஷினும் அறுபத்தைந்துதானாம். அவளும் வேலை முடியும் வரை ஒரு தரமும் எழும்பவில்லையாம். அவளுக்கு எந்த நோன்பு, எந்தப் பறக்கத் என்று கேட்டார்.

சுஜித்தா தலை குனிந்தாள்.

எனக்குத் தெரியும். முதல் நோன்பன்று அவள் பையிலிருந்து போத்தலை எடுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து மெஷினில் ஹாஜறா உதடு காய்ந்து போய் இருந்தாள். போத்தல் மூடி திறக்காமலே பைக்குள் போனது. குடி புள்ள என்று நான் சொன்னதற்குச் சிரித்தாள். அந்த மாதம் முழுக்க, பின்னேரம் வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்தப் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடிப்பாள்.

உண்மையைச் சொன்னால் அவருடைய கணக்கு உடைந்துவிடும் என்று நம்பினேன்.

"அவளும் ஒரு சொட்டுக் குடிக்கல்ல சேர். நோன்போட இரிக்கிற ஆக்களுக்கு முன்னால குடிக்க அவளுக்கு மனம் வரல்ல."

ஜெமீல் சேர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப இன்னும் நல்லம் றுக்ஸானா. நோன்பு இல்லாத ஆளுக்கும் ஏலும் எண்டுதானே அதுக்கு அர்த்தம்?"

பேனையை எடுத்து சுஜித்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

எனக்கு வெறுத்துப்போனது. அவரை நினைத்து மட்டுமல்ல. அவளைக் காட்டிக்கொடுத்த என் வாயை நினைத்தும்.

கையிலிருந்த மஸ்கட் துண்டை அந்தத் தாளின் மேல் வைத்தேன். எண்ணெய் சிவப்பு வட்டத்துக்குள் ஊறியது. அவர் ஏதோ சொன்னார். நான் தண்ணீர்ப் போத்தல் இருந்த மூலைக்குப் போனேன்.

கோப்பை நிறையத் தண்ணீர் பிடித்தேன். அவருக்கு நேரே திரும்பி நின்றேன். வாய்க்குக் கொண்டுபோனேன்.

சுஜித்தா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, இண்டைக்கும் உங்களுக்கு நோன்புதானே? ஆறுல கடைசி எண்டு காலையில சொன்னீங்க."

அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு முழுவதையும் குடித்தேன். பிறகு அந்தக் கோப்பையை மறுபடி நிரப்பி அவளிடம் கொடுத்தேன்.

அவள் இந்த முறை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.